ஆடையும் பார்வையும்

எழுபதுகளின் நடுவில் நான் அங்கத்தினனாயிருந்த ஒரு திரைப்படச் சங்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலையொன்றில், இங்மார் பெர்க்மனின் ‘சம்மர் வித் மோனிகா’ காட்டப்படப்போகிறது என்ற செய்தி எவ்விதமோ ஊரில் பரவிவிட்டது. முப்பது பேர் வந்தாலே செயலாளருக்கு முகம் மலர்ந்துவிடும் அந்தச் சிறிய மண்டபத்தில் அன்று நிற்பதற்கும் இடமில்லை. ஆறு மாதச் சந்தா பாக்கியை அன்று மாலையே கட்டித் தீர்த்தவர்களும், ஸ்வீடன் எந்தத் திசையிலுள்ள தேசமென்று அறியாதவர்களும், ‘நண்பரோடு சும்மா வந்தேன்’ என்று வாசலில் நின்று தலையைச் சொறிந்தவர்களுமாகக் கூட்டம் நிரம்பியிருந்தது. காரணம் பரம ரகசியமொன்றுமன்று. சங்கங்கள் தம் அங்கத்தினருக்கென்று மட்டும் திரையிடும் அயல்நாட்டுப் படங்களுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கொட்டகையில் கத்தரி பட்டு வரும் படம் இங்கே முழுதாக வரும் என்பது, உலக சினிமாவைப் பற்றி வேறொன்றும் அறியாதவருக்குங்கூட நன்கு தெரிந்த விஷயமாயிருந்தது.

16 மில்லிமீட்டர் புரொஜக்டர் கறகறவென்று ஓடத் தொடங்கியது. கூட்டம் எதற்காக வந்ததோ அந்தக் காட்சி, பாறைகளுக்கிடையே மோனிகா நீரை நோக்கி ஓடும் சில கணங்கள், இருமிக்கொண்டிருந்தவர் இருமி முடிப்பதற்குள் வந்து போய்விட்டது. அடுத்த ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டபோது நாற்காலிகள் கிறீச்சிட்டன. மண்டபத்தில் பாதி காலியாயிற்று. எஞ்சியிருந்தோர் மீதிப் படத்தைப் பார்த்தோம். கோடை முடிந்து, தீவிலிருந்து நகரத்துக்குத் திரும்பி, குழந்தையொன்றும் பிறந்தபின், கணவன் ஊரில் இல்லாத ஒரு வேளையில் மோனிகா ஒரு காப்பிக்கடையில் வேறொருவனுடன் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்கிறாள். பிறகு மெல்லத் திரும்பி, நேராகக் காமிராவை, அதாவது நம்மை, இமை கொட்டாமல் பார்க்கிறாள். அவளைச் சுற்றியிருக்கும் கடை மெல்ல மெல்ல இருண்டுபோக, முகம் மட்டும் நிற்கிறது. அந்தப் பார்வையின் எதிரில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போனவர்கள் மோனிகாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மோனிகா தங்களைப் பார்த்ததை அவர்கள் அறியவில்லை.

காதற்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நிர்வாணத்துக்கு என்ன வேலை என்ற கேள்வியை நான் பல ஆண்டுகளாக மனத்தில் போட்டுப் புரட்டிவந்ததில், அன்று பாதி மண்டபம் காலியான அந்தச் சம்பவத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்ப நேர்ந்திருக்கிறது. எவ்வளவு காட்டப்படுகிறது என்று அளவுகோலை வைத்துக்கொண்டு தணிக்கையாளர் ஒரு பக்கமும், கலைச் சுதந்திரம் பேசுவோர் மறுபக்கமுமாக நடத்திவந்த வழக்கு, என் அபிப்பிராயத்தில், கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்ட வழக்காகும். உடல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக் காட்டிலும், பார்க்கப்படுகிறவர் திரும்பப் பார்க்கிறாரா, பார்க்கப்படுவதற்கு அவர் உடன்பட்டிருக்கிறாரா, அந்தப் பார்வை அவருடைய கதையில் முன்னும் பின்னும் எதனோடு இணைந்திருக்கிறது என்பவையே ஒரு காட்சியைக் காதற்காட்சியாக்குகின்றன, அல்லது வெறும் காட்சிப்பொருளாக்கிவிடுகின்றன.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ‘அம்மணம்’ என்பது வீட்டுச் சொல். குளிக்க மறுத்து முற்றத்தில் ஓடும் குழந்தையைப் பற்றியும், மானம் பறிபோனவனைப் பற்றியும் அச்சொல்லாலேயே பேசுகிறோம். ‘நிர்வாணம்’ என்பதோ ஏட்டுச் சொல். ஆடையின்மையைக் குறிக்கும் அதே ஒலி, பௌத்தர் கூறும் பற்றறுதியையும் குறித்து நிற்பதால், அதைச் சொல்லும்போது குரல் தானே சற்றுத் தாழ்கிறது. கென்னத் கிளார்க் என்ற ஆங்கிலேயக் கலை வரலாற்றாசிரியர் 1956இல் வெளியிட்ட நூலில், ஆடை இழந்து கூசி நிற்கும் உடல் வேறு, கலை தன் இலட்சியத்தால் மீண்டும் படைத்துக்கொண்ட உடல் வேறு என்று பகுத்தது ஏறக்குறைய இந்த வேறுபாட்டையே. 1972இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பேசிய ஜான் பெர்ஜர் அந்தப் பகுப்பைத் தலைகீழாக்கினார்: ஆடையின்றி இருப்பது தானாக இருப்பது, கலையின் நிர்வாணமோ பிறர் பார்வைக்கென்று அடுக்கி வைக்கப்படுவது, அதுவும் ஒருவகை வேஷமே என்பது அவர் வாதம். மூன்றாண்டு கழித்து லாரா மல்வி அந்த வாதத்தைச் சினிமாவுக்குக் கொண்டுவந்து, வணிகப் படத்தில் காமிராவும் கதாநாயகனும் கொட்டகையிலிருக்கும் ஆணும் ஒரே கண்ணாய் நின்று பெண்ணைப் பார்க்கிறார்கள் என்று காட்டினார். எனக்கு பெர்ஜர், மல்வி இருவரிடமும் ஓரளவு உடன்பாடுண்டு. ஆனால் இவர்கள் பெரிதும் ஆராய்ந்தவை சுவரில் தொங்கும் சித்திரங்களும் துப்பறியும் படங்களுமே. காதற்கதையில் ஒரு விசேஷம் இருக்கிறது: அங்கே பார்ப்பவர் ஒருவரல்லர், இருவர். அந்த இரண்டாவது கண் விழித்திருக்கிறதா என்பதே பார்க்கத்தக்கது.

மோனிகாவின் கதைக்கே வருவோம். 1953இல் வெளிவந்த அப்படத்தில், ஸ்டாக்ஹோம் நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்பில், தம்பி தங்கையரின் கூச்சலுக்கிடையே வாழும் காய்கறிக்கடைப் பெண் மோனிகாவும், கண்ணாடிப் பாத்திரக் கிடங்கில் எடுபிடியாய் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஹாரியும் ஒரு மோட்டார்ப் படகை எடுத்துக்கொண்டு தீவுகளுக்கு ஓடிவிடுகிறார்கள். நகரத்துக் காட்சிகளில் எல்லோரும் கம்பளி மேலங்கிகளுக்குள் புதைந்து கிடக்கிறார்கள். ஒருவரையொருவர் முட்டாமல் திரும்ப முடியாத அறைகள். தீவில் அந்தக் கம்பளிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றுபோகின்றன. பாறையும் வெயிலும் கடலுமான அந்த இடத்தில் ஆடையின்மை, காமத்தைக் காட்டிலும் விடுமுறையையே அதிகமாகச் சொல்லுகிறது: முதலாளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, ஆகவே கூச்சமும் இல்லை. ஆனால் கோடை நீளுமளவுக்குச் சோறு நீளவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் புகுந்து இறைச்சித் துண்டைத் திருடிக்கொண்டு அவள் புதர்களுக்கிடையே ஓடி ஒளிந்து கடித்துத் தின்னும்போது, சில நாட்களுக்குமுன் சுதந்திரத்தின் சின்னமாயிருந்த உடல் இப்போது பசியின் உறைவிடமாகிவிட்டதைக் காண்கிறோம். படத்தின் முடிவில், அவள் போய்விட்டபின், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹாரி ஒரு கடை வாசற்கண்ணாடியின் முன் நிற்க, அந்தக் கோடை அவன் நினைவில் திரும்ப எழுகிறது. தீவில் அவர்களுக்கு ஆடை தேவைப்படாமலிருந்தது எவ்வளவு பெரிய பேறு என்பது, மேலங்கி போர்த்திய அந்த இளைஞன் தெருவில் தனித்து நிற்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

இதே படத்தை அமெரிக்காவில் வாங்கிய குரோகர் பாப் என்ற வியாபாரி, நகரத்தையும் வறுமையையும் வெட்டித் தள்ளி, மொத்தம் 62 நிமிஷமாகச் சுருக்கி, ஜாஸ் இசையைச் சேர்த்து, கெட்ட பெண்ணொருத்தியின் கதையென்று தலைப்பிட்டு 1955இல் ஓட்டினார். உடல் தெரியும் பகுதிகளை அவர் கத்தரிக்கவில்லை, அவற்றுக்காகத்தானே வாங்கினார்! சுற்றியிருந்த கதையைத்தான் கத்தரித்தார். அதே பெண், அதே பாறை, அதே சில கணங்கள். ஆயினும் பெர்க்மனிடம் நிர்வாணமாயிருந்தது பாப்பின் கையில் அம்மணமாகிவிட்டது. கதையென்னும் ஆடையைக் களைந்தாலும் ஓர் உடலை மானபங்கப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. மறுபக்கத்தில், பிரெஞ்சு விமரிசகராயிருந்த கோதார், மோனிகாவின் அந்தக் காப்பிக்கடைப் பார்வையே சினிமா வரலாற்றில் மிகத் துயரமான காட்சி என்று 1958இல் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த த்ரூஃபோவின் ‘400 ப்ளோஸ்’ படத்தில் இரண்டு சிறுவர்கள் கொட்டகைச் சுவரிலிருந்து மோனிகாவின் புகைப்படத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். அன்றைய எங்கள் சங்கக் கூட்டத்தை நினைத்தால், அச்சிறுவர்கள் பல பெரியவர்களைவிட நேர்மையானவர்கள் என்றே தோன்றுகிறது.

தடையின் வரலாற்றை விரிவாகச் சொல்லப் புகுந்தால் ஏடு பெருகும். ஹாலிவுட்டில் 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கடுமையாக அமல் செய்யப்பட்ட ஒழுக்கவிதித் தொகுப்பு முழு நிர்வாணத்தை நிழலுருவாகக்கூட ஒப்பவில்லை. தம்பதிகள் இரட்டைக் கட்டில்களில் தனித்தனியே உறங்கினர். முத்தம் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆளிருந்தது. அந்தக் கட்டுக்குள்ளிருந்தே ஹிட்ச்காக் 1946இல் ‘நொட்டோரியஸ்’ படத்தில், கேரி கிராண்டும் இங்கிரிட் பெர்க்மனும் ஒருவர் முகத்தை ஒருவர் விட்டகலாமல், விட்டு விட்டுச் சிறுமுத்தங்களாகக் கொடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக் கோழியைப் பற்றிப் பேசியபடியே அறையைக் கடந்து தொலைபேசி வரை நடக்கும் காட்சியை எடுத்தார். ஒரு பொத்தான்கூட அவிழ்க்கப்படாத அக்காட்சியில் உள்ள அந்நியோன்னியம், பின்னாளில் படுக்கையறைக் கதவைத் திறந்துபோட்ட நூறு படங்களில் இல்லை. ஆகவே நிர்வாணமில்லாமல் காதலைச் சொல்ல முடியுமா என்று கேட்பது வீண் கேள்வி. வளை நெகிழ்ந்ததையும் நெற்றியில் பசலை படர்ந்ததையும் கொண்டே தலைவியின் உடல் முழுவதையும் பேசவைத்த அகப்பாட்டு மரபுக்கு உரியவர்களுக்கு இதை யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் திரைப்பட விமரிசகர்களைவிடச் சில சமயங்களில் நுட்பமாகப் பேசியிருக்கின்றன. லூயி மாலின் ‘தி லவர்ஸ்’ (1958) படத்தைக் காட்டியதற்காக ஒஹையோ மாநிலத்துக் கொட்டகை மேலாளர் ஒருவர் தண்டிக்கப்பட்ட வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றபோது, 1964இல் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், அப்பட்டமான ஆபாசத்தை வரையறுத்துச் சொல்லத் தம்மால் இயலாதென்றும், கண்டால் தெரிந்துகொள்வதாகவும், இந்தப் படம் அதுவன்று என்றும் எழுதினார். அதைச் சட்ட அறிஞர்கள் நகைச்சுவைக்கு மேற்கோள்காட்டுவது வழக்கம். எனக்கு அது ஒரு ரசிகரின் நேர்மையான வாக்குமூலமாகவே படுகிறது.

நம் நாட்டில் 1968இல் அமைக்கப்பட்டு அடுத்த ஆண்டு அறிக்கை அளித்த நீதிபதி ஜி.டி. கோஸ்லா குழு, கதையின் போக்குக்குத் தர்க்கரீதியாகத் தேவைப்படுமாயின் முத்தத்தையோ ஆடையற்ற உடலையோ காட்டுவதை, நுண்ணுணர்வோடு கையாளப்படும் பட்சத்தில், விலக்க வேண்டியதில்லை என்று கூறியது. பத்திரிகைகளில் அப்போது எழுந்த கூச்சலில், அறிக்கை வைத்த நிபந்தனைகள் காற்றோடு போயின. ‘முத்தம் வரப்போகிறதாம்’ என்பது மட்டும் காப்பிக்கடைப் பேச்சாய் நின்றது. 1970இல் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், தணிக்கை செல்லுமென்று தீர்ப்பளித்த அதே உச்சநீதிமன்றம், பாலுணர்ச்சியும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் பதிவு செய்தது. ராஜ் கபூரின் ‘சத்யம் சிவம் சுந்தரம்’ (1978) மீதான வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், போலி ஒழுக்கவாதிகளின் கையில் சட்டத்தைக் கொடுத்தால் கொனாரக்கும் கஜுராஹோவும்கூட மூச்சுமுட்டிப் போகும் என்ற பொருள்பட எழுதினார். கிருஷ்ணய்யரின் தமிழ்நாட்டு ரசிகர்கள் பலர் இதைக் கொண்டாடுவர். எனினும் அந்தப் படத்தில் கதாநாயகியின் மெல்லிய ஆடை அவளுக்காக அன்றி அரங்குக்காகவே நனைகிறது என்ற என் குறையைச் சொல்லிவிட வேண்டும். அனுமதிக்கத்தக்கது என்பதனால் மட்டும் ஒன்று அவசியமானதாகிவிடாது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் தங்கிய தீர்ப்பு சினிமாவைப் பற்றியதன்று. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும், அவருக்கு மனைவியாக நிச்சயிக்கப்பட்டிருந்த பார்பரா ஃபெல்டஸும் ஆடையின்றி நிற்கும் புகைப்படமொன்றை 1993இல் கல்கத்தாப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கில், 2014இல் உச்சநீதிமன்றம், 1868ஆம் ஆண்டின் விக்டோரியா காலத்து ஆங்கில அளவுகோலைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் பார்வையே அளவுகோல் என்றது. படத்தை எடுத்தவர் அப்பெண்ணின் தந்தையே. அவள் கறுப்பினத்தவர் வழிவந்தவள், அவன் வெள்ளையன். தோலின் நிறத்தைக் காதல் வென்றுவிடும் என்பதே அப்படம் சொல்லும் செய்தி என்று நீதிபதிகள் வாசித்தார்கள். நிறம் பற்றிய பேச்சில் தோலை மறைத்துவிட்டு எதைக் காட்டுவது? அங்கே ஆடை நீக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது; அந்தக் காரணமே அப்படத்துக்கு ஆடையாயிற்று.

காரணமுள்ள நிர்வாணத்துக்குச் சினிமாவிலிருந்து ஓர் உதாரணம் மட்டும் காட்டு என்றால், நான் நிக்கோலஸ் ரோகின் ‘டோன்ட் லுக் நௌ’ (1973) படத்தையே எடுப்பேன். அது பேய்க்கதை என்று கணக்கிடப்படுகிறது. தாப்னி து மாரியேயின் சிறுகதையிலிருந்து எடுத்தது. ஆனால் அதற்குள் ஒரு தாம்பத்தியக் கதை இருக்கிறது. ஜான், லாரா தம்பதியின் சின்னஞ்சிறு மகள், சிவப்பு மழைக்கோட்டு அணிந்தவள், வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் மூழ்கி இறந்துபோகிறாள். அதன்பின் வெனிஸ் நகரத்தில் பழைய தேவாலயமொன்றைப் புதுப்பிக்கும் வேலையில் ஜான் ஈடுபட்டிருக்க, மருந்தின் உதவியால் நாளைக் கடத்திக்கொண்டிருக்கும் லாரா, பார்வையற்ற ஒரு பெண்மணியைச் சந்திக்கிறாள். ‘உன் குழந்தையைப் பார்த்தேன், அவள் மகிழ்ச்சியாயிருக்கிறாள்’ என்று அவள் கூற, லாராவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்குகிறது. அன்று மாலை ஹோட்டல் அறையில்தான் அந்தப் புகழ்பெற்ற காட்சி.

காட்சி தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மெழுகுவர்த்தியில்லை, பூவில்லை. ஒருவர் குளித்துக்கொண்டிருக்க மற்றவர் பல் துலக்குகிறார். ஆண்டுக்கணக்கில் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டவர்களின் அலட்சியத்தோடு ஆடையின்றி நடமாடுகிறார்கள். ஜூலி கிறிஸ்டியும் டொனால்ட் சதர்லாந்தும் நடித்திருக்கும் அந்த முதற்பகுதியில் உடல்கள் கவர்ச்சிக்கென்று அடுக்கப்படவில்லை. வீட்டுச் சாமான்களைப்போல் அங்கே இருக்கின்றன, அவ்வளவே. பிறகு அவர்கள் நெருங்குகிறார்கள். பியானோவும் புல்லாங்குழலுமாய்ப் பினோ டோனாஜியோவின் இசை மெல்ல எழுகிறது. இவ்விடத்தில் ரோகும் அவருடைய எடிட்டர் கிரேம் கிளிஃபர்டும் செய்த காரியமே விசேஷமானது. தழுவலின் ஒவ்வொரு துணுக்குக்கும் இடையில், அதற்குப் பிறகு நடக்கப்போவதை, அதாவது இருவரும் வெளியே இரவு விருந்துக்குப் போக உடுத்திக்கொள்வதை, வெட்டிச் சேர்த்தார்கள். கைகள் முதுகில் படரும் கணத்தை அடுத்து, அதே கை சட்டையைச் சரிசெய்கிறது. முகங்கள் ஒன்றிய கணத்தை அடுத்து, கண்ணாடியின் முன் அவள் மையிட்டுக்கொள்கிறாள். இரண்டு காலங்களும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லுகின்றன. உடுத்துகிற வேளையில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. தனித்தனியே, சற்றுமுன் நிகழ்ந்ததைத் தமக்குள் மீண்டும் வாழ்ந்துகொண்டிருப்பவரைப்போல் இருக்கிறார்கள்.

இந்தக் கோவை முறையால் நேர்வதென்ன? காமக்காட்சிகளில் சாதாரணமாக ஆடை களையப்படுவதே நாடகம்; எல்லாம் களைந்தபின் நாடகத்துக்கு வேலையில்லை, காமிரா ஜன்னலையோ கடலலையையோ பார்க்கப் போய்விடும். ரோகோ களைதலை விட்டுவிட்டு, உடுத்தலை நாடகமாக்குகிறார். நாம் பார்ப்பது இப்போது நடப்பதா, அல்லது சற்றுப்பின் நினைக்கப்படுவதா என்று பிரித்துச் சொல்ல முடியாமற்போகவே, அந்த உடல்கள் நம் கண்ணுக்கென்று விரிக்கப்பட்டவையாயில்லாமல், அவ்விருவர் நினைவுக்குச் சொந்தமானவையாகிவிடுகின்றன. குழந்தையை இழந்தபின் வெகுகாலம் ஒருவரையொருவர் தொடாதிருந்தவர்கள் மீண்டும் தொட்டுக்கொண்டார்கள் என்பதை வசனமாகச் சொல்லியிருந்தால் அது செய்தி. இங்கே அது அனுபவம். இக்காட்சி இல்லாவிடில் கதை முழுவதும் தம்பதிகள் சச்சரவிட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றியிருக்கும் என்று இயக்குநரே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். கதை முடிவை அறிந்தவர்களுக்கு அந்த உடுத்தல் இன்னொரு விதமாகவும் தைக்கும்: அதுவே அவர்களுக்கு வாய்த்த கடைசிச் சேர்க்கை.

அமெரிக்காவில் குறைந்த தடையுள்ள சான்றிதழ் பெறுவதற்காக இக்காட்சியில் ஒன்பது ஃபிரேம்கள் நீக்கப்பட்டதென்பர். வினாடிக்கு 24 ஃபிரேம் என்று ஓடும் சினிமாவில் அது அரை வினாடிக்கும் குறைவு. அந்த அரை வினாடிக்குள் எந்த ஒழுக்கம் காப்பாற்றப்பட்டதோ, தணிக்கையாளரைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: நடிகர்கள் அங்கே நடித்தார்களா, உண்மையாகவே கூடினார்களா என்ற வதந்தி பல பத்தாண்டுகள் ஓடியது, சதர்லாந்து மறுத்தும் ஓயவில்லை. லாராவும் ஜானும் எதை மீட்டுக்கொண்டார்கள் என்று கேட்பதை விடுத்து, கிறிஸ்டியும் சதர்லாந்தும் என்ன செய்தார்கள் என்று துருவுகிறவர்கள், ரீல் மாற்றும்போது எழுந்து போனவர்களின் சுற்றத்தாரே.

ஆயினும் நடிகரைப் பற்றிய கேள்வி முழுவதும் வம்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. வேறொரு திசையிலிருந்து அதுவே மிகக் கனத்த கேள்வியாக வந்து நிற்கிறது. பெர்தோலுச்சியின் ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ (1972) படத்தில் மார்லன் பிராண்டோவுக்கு வயது 48, மரியா ஷ்னைடருக்கு 19. ஒரு பலாத்காரக் காட்சியின் முக்கியமான விவரமொன்றை இயக்குநரும் பிராண்டோவும் அன்று காலையில் தமக்குள் பேசி முடிவுசெய்து, அந்தப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தார்கள். கூடல் நடிப்பேயாயினும், தான் அவமானப்படுத்தப்பட்டதாகவும், தன் கண்ணீர் உண்மையானதென்றும் அவர் 2007இல் ஒரு பேட்டியில் கூறினார். நடிகையின் நடிப்பன்றி ஒரு பெண்ணின் அவமான உணர்ச்சியே தமக்கு வேண்டியிருந்ததென்று, ஷ்னைடர் காலமானபின் 2013இல், பெர்தோலுச்சி ஒப்புக்கொண்டார். இத்தாலிய நீதிமன்றம் 1976இல் அப்படத்தின் பிரதிகளை அழிக்கச்சொல்லி, இயக்குநரின் வாக்குரிமையையும் சில ஆண்டுகளுக்குப் பறித்தது என்பது உண்மைதான். ஆனால் அது பார்வையாளரின் ஒழுக்கத்துக்கு நேர்ந்த கேட்டுக்காக. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நேர்ந்தது என்னவென்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. காதலைப் பற்றிய புரட்சிகரமான படமென்று அதைப் போற்றி எழுதியவர்களும் கேட்கவில்லை. நானும் அக்காலத்தில் ஒரு சிற்றேட்டில் அதை மெச்சி நான்கு பக்கம் எழுதினேன். இன்று அந்த இதழ் என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் படிக்க மனம் துணிவதில்லை.

ஜெஃபிரெல்லியின் ‘ரோமியோ ஜூலியட்’ (1968) படத்தில் நடித்த இருவரும், சட்டப்படி வயதுவராத பருவத்தில் தம்மை நிர்வாணக் காட்சிக்கு உட்படுத்தியதாக, ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2023இல் அது தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் விடை அது. அவர்கள் அரைநூற்றாண்டு அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பழைய கணக்குகள் திரும்பப் பேசப்பட்ட காலத்தில்தான், 2017க்குப்பின், படப்பிடிப்புத் தளத்தில் ஒரு புதிய உத்தியோகம் தோன்றியது. ‘இன்டிமசி கோஆர்டினேட்டர்’ என்று அதற்குப் பெயர். நெருக்கக்காட்சிகளை வகுத்து நடத்திக்கொடுப்பவர். 2018இல் அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் தன் தொடர்களில் இத்தகைய காட்சி எங்கிருந்தாலும் இவரும் இருக்க வேண்டுமென்று விதித்தது. நம் ஸ்டூடியோக்களில் அடிதடி என்றால் ஸ்டண்ட் மாஸ்டரும், பாட்டு என்றால் டான்ஸ் மாஸ்டரும் வந்துவிடுவது எண்பது வருஷப் பழக்கம். கத்திச் சண்டையை ‘நீங்களே உணர்ச்சிவசப்பட்டு வெட்டிக்கொள்ளுங்கள்’ என்று எந்த டைரக்டரும் விட்டதில்லை. படுக்கையறைக் காட்சியை மட்டும் உலகெங்கும் அவ்விதமே விட்டிருந்தார்கள் என்பது இப்போது நினைத்தால் வியப்பாயிருக்கிறது. காட்சி கதையில் எதைச் சாதிக்க வேண்டும், எங்கே தொடலாம், எங்கே கூடாது, எவ்வளவு தெரியும் என்பதையெல்லாம் முன்பே பேசி, உடுத்திய நிலையில் ஒத்திகை பார்த்து, அத்தியாவசியமானவர்களைத் தவிர மற்றவரைத் தளத்திலிருந்து வெளியேற்றி, தோலின் நிறத்திலேயே தைத்த மறைப்புத் துணிகளை அணிவித்து, எந்தக் கணத்திலும் ‘போதும்’ என்று சொல்லும் உரிமையை நடிப்பவர்களுக்குத் தந்து இவர்கள் வேலை செய்கிறார்கள். 2022இல் வெளிவந்த ‘கெஹராய்யான்’ என்ற இந்திப் படத்தில் டார் காய் என்ற பெண்மணி இப்பணியைச் செய்து பெயரும் போடப்பட்டதிலிருந்து, பம்பாயிலும் இது பழகிவருகிறது.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் காதல் எங்கே உயிரோடிருக்கும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவர்கள் க்ஷேத்ரக்ஞர் பதத்துக்கு அபிநயம் பிடிப்பதைக் கண்டதில்லை போலும். எந்த அட்சரத்தில் கண் தாழ வேண்டும், எந்த அட்சரத்தில் விரல் மேலாக்கைத் தொட வேண்டும் என்பதெல்லாம் தாளக்கணக்கில் அடங்கியதே. அதனால் சிருங்காரம் வற்றிப்போனதாக யாரும் புகார் சொல்லக் கேட்டதில்லை.

தொலைக்காட்சியில் இம்முறையின் பலனைக் கண்கூடாகக் காட்டியது ‘நார்மல் பீப்பிள்’ (2020) என்ற தொடர். சாலி ரூனியின் நாவலைத் தழுவி, அரைமணி நேர அத்தியாயங்கள் பன்னிரண்டாக எடுக்கப்பட்ட அதில், நெருக்கக்காட்சிகளை அமைத்தவர் ஈட்டா ஓ’பிரையன். அவை நீளமானவை; அயர்லாந்து வானொலியில் தொலைபேசியில் வந்து கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் பெண்ணின் உடலுக்கும் ஆணின் உடலுக்கும் காமிரா ஏறக்குறைய ஒரே அளவு நேரமும் ஒரே அளவு கூச்சமும் ஒதுக்கியிருப்பதையும், இவ்விருவரும் வாயால் பேசும்போதெல்லாம் ஒருவரையொருவர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள், பேச்சு நின்ற இடத்தில் மட்டுமே பிழையின்றிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் கவனித்தவர்களுக்கு, அந்த நீளம் ஏனென்று விளங்கும். நூறு நிமிஷத்தில் முடிந்துபோகும் படத்தில் நிர்வாணம் பெரும்பாலும் ஒரே ஒரு நிகழ்ச்சி. தொடரிலோ அது திரும்பத் திரும்ப வந்து, ஒருமுறை நம்பிக்கையாகவும் இன்னொருமுறை பழக்கமாகவும் வேறொருமுறை மன்றாட்டாகவும் மாற இடமிருக்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்ட தொடர்கள் மிகச் சிலவே. மற்றவற்றில், இலையில் ஊறுகாய் வைப்பதைப்போல, அத்தியாயத்துக்கு ஒன்று என்று மூலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் பெரும்பாலும் பெண்ணின் உடலை. போர்வை அவளுக்கு இடுப்புக்கும் அவனுக்குக் கழுத்துக்குமாக ஏறி நிற்கும் அதிசயத்தைப் பார்த்துச் சலித்துவிட்டது.

பார்க்கப்படுகிறவர் திரும்பப் பார்க்கும் அந்த இரண்டாவது கண்ணை முழுமையாகத் திறந்துகாட்டிய படமாக எனக்குத் தோன்றுவது, செலின் சியாமா எழுதி இயக்கி, 2019இல் கான் விழாவில் திரைக்கதைக்குப் பரிசு பெற்ற ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்’. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ்; பிரித்தானிக் கடற்கரையில் ஒரு தீவு. திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட எலோயிஸ் என்ற பெண்ணை, மணமகனுக்கு அனுப்புவதற்காகப் படம் தீட்ட மரியான் என்ற ஓவியை வருகிறாள். பிறர் கண்ணுக்கென்று தன்னைத் தீட்டவிட எலோயிஸுக்குச் சம்மதமில்லை. ஆகவே உலாவத் துணையாக வந்தவள்போல் நடித்து, களவாகப் பார்த்துப் பார்த்து, இரவில் மனப்பாடத்திலிருந்து மரியான் வரைகிறாள். அந்தக் களவுப் படத்தில் உயிரில்லை. உண்மை வெளிப்பட்டபின், எலோயிஸ் தானே விரும்பி எதிரில் உட்கார இசைகிறாள். ஒருநாள், உன் முகத்தில் எந்த உணர்ச்சிக்கு எந்தச் சைகை வருமென்று தெரியும் என்று ஓவியை பெருமையாகச் சொல்ல, மற்றவள் அவளைத் தன் பக்கம் அழைத்து நிறுத்தி, ‘நீ என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?’ என்னும் கருத்துப்படக் கேட்டுவிட்டு, நெற்றியைத் தொடுவது, மூச்சை வாயால் இழுப்பது என்று ஓவியையின் சைகைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகிறாள். இவ்வளவு நடந்தபின்னரே ஆடை என்ற பேச்சு எழுகிறது.

பிரிவு நெருங்கிய ஓரிரவில், தன்னிடம் மரியானின் உருவம் ஒன்று இருக்கவேண்டுமென்று எலோயிஸ் கேட்கிறாள். அவள் ஆடையின்றிப் படுக்கையில் சாய்ந்திருக்கிறாள். மரியான் ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து அவள் உடலின் மேலேயே சாய்த்து நிறுத்தி, அதில் தெரியும் தன் முகத்தைப் பார்த்து, எலோயிஸின் புத்தகத்தில் 28ஆம் பக்கத்தில் தன்னை வரைந்து கொடுக்கிறாள். சினிமா காட்டிக்காட்டிச் சலித்துப்போன இடத்தை நம் கண் தேடிச் செல்லுமாயின், அங்கே தெரிவது பார்ப்பவளின் முகமே.

ஆண்டுகள் சென்றபின், ஓர் ஓவியக் காட்சியில், யாரோ தீட்டிய எலோயிஸின் படமொன்றை மரியான் காண்கிறாள். கழுத்துவரை மூடிய கனத்த உடை, பக்கத்தில் குழந்தை, கையில் ஒரு புத்தகம். அதன் ஏடுகளுக்கிடையே விரலை நுழைத்து ஒரு பக்கத்தைச் சற்றே திறந்து பிடித்திருக்கிறாள். காட்சிக்கூடத்தில் ஜனங்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். விரலிடுக்கில் தெரியும் பக்கத்தின் எண் 28.